கல்லெழுத்துக்கு ஒரு தளம்: செஞ்சிக் குறிப்புகள்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டம் வந்தது. மராட்டியர் கோட்டைகள் 12-ஐச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம்முடையது மட்டும்தான். வருகிறவர்கள் ராஜகிரி ஏறுகிறார்கள், கல்யாண மகால் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள், தேசிங்கு ராஜா கதையைக் கேட்டுவிட்டுத் திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். ஊரை ஒட்டியே பழைய கல்வெட்டுகள் உள்ள திருநாதர் குன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதுமில்லை, நாமும் சொல்வதில்லை.

*

பழைய தமிழ் எழுத்தைப் படிக்கச் சொல்லித் தருகிற ஒரு இணையதளம். எண்ணம் அவ்வளவுதான். பாடம் என் பொறுப்பு. மற்றதெல்லாம் அண்ணன் மகள் பொறுப்பு, பொறியியல் கடைசி வருஷம்.

நான் போட்ட முதல் திட்டம்: பாடம் ஒன்று உயிரெழுத்து, பாடம் இரண்டு மெய், பாடம் மூன்று உயிர்மெய் அட்டவணை. அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சித்தப்பா, இந்த அட்டவணையப் பாத்ததும் ஆளு ஓடிடுவான். முதல்ல ஒரு கல்லக் காட்டு. ஒரு வரி படிச்சிட்டான்னா மிச்சத்துக்குத் தானா வருவான்."

சரியாகத்தான் சொல்கிறாள். மொழி புதிதல்ல, எழுத்துதான் புதிது. தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

*

அப்படியானால் எந்தக் கல்? யோசிக்கவே வேண்டாம். திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களை மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் செதுக்கிய பாறை இருக்கிறது. அதே குன்றில்தான் சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்ட சமண ஆசிரியர். அவருடைய நிசீதிகை, அதாவது அவர் நோன்பிருந்து முடித்த இடம். சுமார் ஆறாம் நூற்றாண்டு. தமிழ்ப் பிராமியிலிருந்து வட்டெழுத்து கிளைக்கிற காலத்து எழுத்து, அதனால் இரண்டு பக்கமும் பழக ஏற்றது. ஐம்பத்தேழு என்று தொடங்குகிற அந்த 'ஐ'தான் கல்வெட்டுகளில் கிடைத்தவற்றில் மிகப் பழையது என்பார்கள்.

சின்ன வாசகம். ஒரு ஆள், ஒரு எண், ஒரு சாவு. முதல் பாடத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதே குன்றில் 30 நாள் நோன்பிருந்த இளைய படாரர் என்பவரின் நிசீதிகைக் கல்வெட்டும் இருக்கிறது, சில நூற்றாண்டு பிந்தியது. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் எப்படி வளைந்தது என்பதை நாம் விளக்கவே வேண்டியதில்லை.

*

படம் எடுப்பது பற்றி. உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் பாறைதான் விழும். வெயில் நேராக அடித்தால் வெட்டின் நிழல் செத்துவிடும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது எடுக்க வேண்டும், அல்லது இருட்டும் நேரத்தில் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அப்போது எழுத்து எழுந்து நிற்கும். ஒரே எழுத்தை இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை. பாறைப் பொரிவு எது, உளி வெட்டு எது என்று அப்போதுதான் பிரியும்.

சாக்பீஸ் கூடவே கூடாது. பழைய படங்கள் பலவற்றில் எழுத்துக்குள் வெள்ளை பூசியிருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் நாம் படிப்பது கல்லை அல்ல, பூசியவர் படித்ததை. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. மைப்படி எடுக்கத் தெரிந்தவர்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மேலே மை ஒற்றுவார்கள்; எழுத்து வெள்ளையாகவும் கல் கறுப்பாகவும் வரும். அது அனுமதியோடு செய்கிற வேலை, நமக்கு வேண்டாம்.

*

இரண்டாம் பாடம் நெகனூர்ப்பட்டிக் கல்வெட்டு. தமிழ்ப் பிராமி. சேக்கந்தி என்பவரின் தாயார் சேக்கந்தண்ணி செய்வித்த பள்ளி என்று இருக்கிறது. ஊர் பெரும்பொகழ், பக்கத்திலிருக்கும் பெரும்புகைதான் அது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் டவுன் பஸ் போர்டில் தினம் பார்க்கிற பெயர். செய்வித்தவர் ஒரு பெண் என்பதைப் பாடத்தில் தனியாகச் சொல்ல வேண்டும்.

ழ, ள, ற, ன பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். அசோகர் கல்வெட்டுப் பிராமியில் இவை இல்லை. குகைகளில் இருப்பது தமிழ்தான் என்று 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியதற்கு இந்த எழுத்துகள்தான் பிடி. அதற்கு முன்னால் பிராகிருதமாகப் படித்துக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய ஐராவதம் மகாதேவனின் பெரிய நூல் 2003-ல் வந்தது. தளத்தில் நம் வாசிப்பு எதுவானாலும் அதோடு ஒப்பிடாமல் ஏற்றக்கூடாது.

*

எழுத்துரு தலைவலி. பிராமிக்கு யூனிகோடில் 2010-லும், கிரந்தத்துக்கு 2014-லும் இடம் வந்தது. பழந்தமிழ்ப் புள்ளிக்கும் குறில் எ, ஒ-வுக்கும் பிராமிப் பட்டியலில் இடம் கிடைத்தது 2021-ல்தான். 2024-ல் துளு-திகளாரி எழுத்துகூட உள்ளே போய்விட்டது. அந்த ஆண்டின் யூனிகோடு பதிப்பிலும் வட்டெழுத்து இல்லை. ஆக வட்டெழுத்தைப் படமாகத்தான் போட வேண்டும். தேடினால் கிடைக்காது, நகலெடுக்க முடியாது.

வட்டெழுத்தில் இன்னொன்று. பிற்காலத்தில் வேகமாக எழுதி எழுதி ப, வ, ய, ந எல்லாம் ஒன்று போலாகிவிட்டன. முன்பின் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பரீட்சைக் கேள்விக்கு அருமையான இடம்.

வினோத் ராஜனின் அக்ஷரமுகா இருக்கிறதே, தமிழில் தட்டினால் பிராமியாகவும் கிரந்தமாகவும் மாற்றித் தரும். தங்கள் பெயரைத் தட்டிப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும், விளையாடட்டும். ஆனால் மாற்றி தருவது இன்றைய எழுத்துக்கூட்டல். கல்வெட்டியவர் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட மாட்டார், வரி முடிந்தால் சொல்லின் நடுவிலேயே திரும்பிவிடுவார். பழக்க வேண்டியது இதைத்தான்.

*

ஒரு தளம் எப்படி நிலைக்கும் என்பதற்கு உதாரணம், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள். குறியீடு மாறியது, திஸ்கி வந்தது, யூனிகோடு வந்தது. நூல்கள் இன்றும் திறக்கின்றன. காரணம், அலங்காரமில்லாத வெறும் உரை. அதே காலத்தில் பளபளவென்று வந்த எத்தனையோ தமிழ்த் தளங்கள் இருந்த இடம் தெரியவில்லை. அண்ணன் மகள் கேட்கிற அசைவுப் படங்களுக்கு என் பதில் இது. அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

மூன்றாம் பாடம் தளவானூர்க் குடைவரையில் உள்ள தமிழ் வெண்பா. யாப்பு தெரிந்தவருக்கு விட்டுப்போன எழுத்தைச் சீரே காட்டிக் கொடுக்கும்.

மண்டகப்பட்டு கடைசியில். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் கட்டினேன் என்று மகேந்திரவர்மன் பெருமையடிக்கிற கல். எழுத்து கிரந்தம், மொழி சமஸ்கிருதம். எழுத்தைக் கூட்டிவிடலாம், பொருள் பிடிபடாது. முதல் மூன்று பாடத்தில் தமிழே கைகொடுத்ததுபோல இங்கே கொடுக்காது. சொல்லுக்குச் சொல் உரை எழுதித் தர ஆள் வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் விசாரிக்க வேண்டும். அதுவரை மூன்று பாடத்தோடு திறந்துவிடலாம் என்கிறாள். நான் நான்கும் சேரட்டும் என்கிறேன்.