எத்தினையாவது தலைமுறை?

போன ஓகஸ்ட்டில் மாமா வீட்டுக்கு சுவிஸ் போயிருந்தேன். விசாவுக்கு அலைஞ்ச கதை தனிக் கட்டுரை, அதை இங்க விடுவம். இது, லொசானில் பிறந்து வளர்ந்த என்ர மச்சாள் ஒரு சனிக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டுபோன ஒரு வைன் தோட்டத்தைப் பற்றியது. "ஒரு குடும்பம் நடத்துற இடம். வைனைச் சுவைச்சுப் பார்க்கலாம், அவையே விளக்கமும் சொல்லுவினம்" எண்டாள். மாமி "நான் வரேல்ல" எண்டு நேரடியாகவே சொல்லிப்போட்டா. மாமா ஒண்டும் சொல்லாமல் சேட்டை அயன் பண்ணத் தொடங்கினார்.

லொசானிலிருந்து ரயிலில் கால் மணித்தியாலம். எபெஸ் எண்டு ஒரு சின்ன ஊர். இறங்கினால் கீழே ஜெனீவா ஏரி, மேலே மலை, இரண்டுக்கும் நடுவில் படிப்படியாகத் திராட்சை. இந்தப் பிரதேசத்துக்கு லவோ எண்டு பெயர். லொசானின் கிழக்கு எல்லையிலிருந்து சியோன் கோட்டை வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 11ஆம் நூற்றாண்டிலிருந்து துறவிமார் இந்தச் சரிவில் காட்டை வெட்டிக் கல் மதில் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். 2007இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமை ஆக்கியது. சில இடங்களில் சரிவு அவ்வளவு செங்குத்து. பழக் கூடைகளை ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஊருகிற ஒரு குட்டி வண்டி வைத்திருக்கிறார்கள். அது வருவதற்கு முதல் எல்லாம் முதுகில்தான்.

எங்களை வரவேற்றவ ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். கை விரல் எல்லாம் வெடிப்பு, நகத்துக்குள் மண். என்ர மனசுக்குள் இருந்த "வைன்காரி" இப்பிடி இல்லை. முதலில் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டுபோனா. இங்கே மூன்று சூரியன் எண்டு சொல்லுவார்களாம்: வானத்தில் ஒன்று, ஏரியில் பட்டுத் தெறிக்கிற வெயில் ஒன்று, பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு இரவில் கக்குகிற கல் மதில் ஒன்று. மதிலில் கையை வைத்துப் பார்த்தேன். எங்கட வீட்டுச் சீமெந்துப் படி பின்னேரத்தில் சுடுமே, அதே சூடு.

பிறகு நிலவறை. அதற்குள் நுழையும்போதுதான் அவ சாதாரணமாகச் சொன்னா: "நான் இந்தத் தோட்டத்தின் ஒன்பதாவது தலைமுறை." சுவரில் அவவின்ர அப்பா, தாத்தா, பூட்டனுடைய படங்கள். எல்லாரும் கத்தரிக்கோலோடும் கூடையோடும் நிற்கிறார்கள். மச்சாள் "எவ்வளவு வடிவா இருக்கு, என்ன" எண்டாள். மாமா அந்தப் படங்களுக்கு முன்னால் கனநேரம் நின்றார்.

மேசையில் நாலு போத்தல். மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு. பக்கத்தில் பாணும் சீஸும், துப்புவதற்கு ஒரு பாத்திரமும். ஓம், துப்பலாம். கிளாஸைக் காம்பில் பிடிக்க வேண்டும், கைச் சூடு வைனுக்குப் போகக்கூடாது. சுழற்றி, மணந்து, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்க ஓடவிட்டு, விரும்பினால் விழுங்கலாம், இல்லாட்டித் துப்பலாம். வெள்ளை மூன்றும் ஒரே திராட்சை, ஷஸ்லா. தன்னுடைய வாசத்தை அதிகம் காட்டாத பழம் அது. அதனால்தான் எந்த மண், எந்த மதில் என்கிற வித்தியாசம் அதில் தெரியும் எண்டா. முதலாவது எனக்குத் தோடம்பழத் தண்ணி மாதிரி. மூன்றாவது, ஒரே ஒரு துண்டு நிலத்துப் பழத்தில் மட்டும் செய்தது, மழைக்குப் பிறகு வாற கல் மணம். நான் ஒண்டும் பெரிய ரசிகை இல்லை. ஆனால் வித்தியாசம் உண்மையிலேயே தெரிந்தது.

எங்கட ஊரில் மதுவுக்குச் சுவை எண்டு ஒன்று இருப்பதாக எனக்கு ஆரும் சொன்னதில்லை. சாராயம் எண்டால் வேலிக்குப் பின்னால், அவசரமா, மூக்கைப் பொத்திக்கொண்டு. அதுக்குப் பிறகு சண்டை. மாமி வராமல் விட்டதுக்கும் அதுதான் காரணம், அவ தன்ர அப்பாவைப் பார்த்து வளர்ந்தவ. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மாமா கிளாஸைச் சரியாகக் காம்பில் பிடித்திருந்தார். 1989இல் சுவிஸ் வந்து, ஒரு உணவகத்தில் கிளாஸ் கழுவத் தொடங்கி, பிறகு சமையலுக்கு ஏறினவர். இந்தப் போத்தல்கள் எல்லாவற்றின்ர பெயரும் அவருக்குத் தெரியும். மேசையில் இருந்து குடித்ததுதான் இல்லை. அவர் இரண்டாவது கிளாஸை மணந்துவிட்டு ஏதோ பிரெஞ்சில் சொன்னார். அந்தப் பெண் புருவத்தை உயர்த்தி, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்கட குடும்பம் என்ன செய்தது?" எண்டு கேட்டா.

மாமா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். மச்சாள் எனக்கு மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள், பாதியில் நின்றாள். "என்ர அப்பாவும் வைன் செய்தவர். மரத்தில இருந்து."

என்ர அம்மப்பா சீவல் தொழிலாளி. எனக்கு அது தெரியும், ஊரில் எல்லாருக்கும் தெரியும். மச்சாளுக்குத் தெரியாது. லொசானில் முப்பது வருசத்துக்கு மேலாக மாமா கேட்டவர்களுக்கெல்லாம் "அப்பா தோட்டம் செய்தவர்" எண்டுதான் சொல்லியிருக்கிறார், சொந்த மகளுக்கும்.

அந்தப் பெண் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. கேள்விக்கு மேல் கேள்வி. எவ்வளவு உயரம்? காலையும் பின்னேரமும் ஏற வேண்டுமா? மாமா மேசையில் விரலால் கீறிக் காட்டினார். தளைநார் காலில், பாளைக்கத்தி இடுப்பில். பாளையைக் கட்டி, பொல்லால் பதமாகத் தட்டி, ஒவ்வொரு நாளும் நுனியை மெல்லிசாய்ச் சீவினால்தான் துளி விழும். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துபோகும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இனிப்பாக இருக்கும், அது கருப்பணி. பூசாட்டிக் கள்ளு. "ஈஸ்ட் எப்ப போடுவீங்கள்?" எண்டு அவ கேட்டா. மாமா சிரித்தார். "ஒண்டும் போடத் தேவையில்லை. மரத்தில இருக்கேக்கயே புளிக்கத் தொடங்கிடும்." தான் ஒரு வருசம் காத்திருக்கிறதை உங்கட அப்பா அரை நாளில் முடித்திருக்கிறார் எண்டா அவ.

பிறகு மாமா சொன்னதுதான் எனக்கே புதுசு. அம்மப்பா எல்லாப் பனைக் கள்ளையும் ஒண்டாகக் கலக்க மாட்டாராம். சில பேருக்குத் தனிமரக் கள்ளுத்தான் வேண்டும், அதைத் தனி முட்டியில் வைப்பாராம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தாலே எந்தப் பனை எண்டு சொல்லுவாராம். ஒரே நிலத்துத் துண்டு, ஒரே போத்தல் எண்டு எங்களுக்கு முன்னால் இருந்த அந்த மூன்றாவது வைனைப் பார்த்தேன். அதுக்குப் பிறகு அந்தப் பெண் மாமாவோடு கதைத்தது கடைக்காரி வாடிக்கையாளரோடு கதைக்கிற மாதிரி இல்லை. ஆலங்கட்டி மழை பற்றி, வேலைக்கு ஆள் கிடைக்காதது பற்றி, தொழில்காரர் தொழில்காரரிடம் புலம்புகிற மாதிரி.

ரயிலில் மச்சாள் கேட்டாள்: "ஏன் எனக்குச் சொல்லேல்ல?" மாமா ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உனக்குக் கலியாணம் பேசேக்க விளங்கும்." அவளுக்கு இருபத்தாறு வயது. கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்தும், ஆர் எந்த ஊர், எந்தக் குறிச்சி எண்டு விசாரித்துச் சாதியைக் கண்டுபிடிக்கிற கெட்டித்தனம் எங்கட சனத்திட்ட இன்னும் மழுங்கேல்ல.

அம்மம்மா ஒரு வசனம் சொல்லுவா: "கள்ளுக் குடிக்க வருவினம், தண்ணி குடிக்காயினம்." பெரிய வீட்டுக்காரர் பின்னேரத்தில் வந்து எங்கட முற்றத்தில் குந்தியிருந்து பிளாவில் கள்ளுக் குடித்துவிட்டுப் போவார்கள். அதே வீட்டுக் கிணற்றுத் தண்ணி அவர்களுக்குத் தீட்டு. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போக விடு எண்டு கேட்டுப் போராடின காலத்தில் அம்மப்பா இளந்தாரி. அவர் கைபட்ட கள்ளு உள்ளே போகலாம், அவர் போகக்கூடாது.

ஆனபடியால் "பார், அவை பாரம்பரியத்தை எப்பிடிப் போற்றினம், நாங்கள் விட்டிட்டம்" எண்டு இந்தக் கட்டுரையை முடிக்க என்னால் முடியாது. அந்தப் பெண்ணின் ஒன்பது தலைமுறைக்கும் கீழே சொந்த நிலம் இருந்தது. அம்மப்பா ஏறின பனை அவருடையது இல்லை, குத்தகை. அவ விரும்பியிருந்தால் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், போகாமல் இருந்தது அவவின்ர தெரிவு. அம்மப்பாவுக்கு ஆரும் கேட்டுத் தொழில் கொடுக்கவில்லை. பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர்களை எங்கட குறிச்சியில் எனக்கே தெரியும். என்ர தம்பி பனை ஏற வேண்டும் எண்டு நான் ஒருநாளும் சொல்ல மாட்டன்.

லவோவுக்குப் பக்கத்தில் வெவே எண்டு ஒரு ஊர். அங்கே 1797இலிருந்து ஒரு திருவிழா நடக்கிறது. இருபது, இருபத்தைந்து வருசத்துக்கு ஒருமுறைதான் வரும், கடைசியாக 2019இல் நடந்தது. அதில் முடி சூட்டுவது தோட்டச் சொந்தக்காரருக்கு இல்லை. அவர்களுடைய நிலத்தில் வேலை செய்கிறவர்களில் மிகத் திறமான ஆட்களுக்கு. மச்சாள் இதைச் சொன்னபோது எனக்கு உண்மையில் கோபம்தான் வந்தது. அவர்கள் மேல் இல்லை. நாங்கள் பனையைக் கற்பகதரு எண்டு பாடினோம், மேடைகளில் எங்கட அடையாளம் எண்டோம், இலச்சினைகளில் வரைந்தோம். அதில் ஏறினவனை மட்டும் படத்தில் இருந்து எடுத்துவிட்டோம்.

எனக்கு வேண்டியது சின்ன விசயம். எங்கட பல்கலைக்கழகத்தில் "உங்கட குடும்பம் என்ன செய்தது?" எண்டு ஒருவர் கேட்டால், பதில் சொல்ல முதல் கேட்டவரின் முகத்தைப் படிக்க வேண்டியிராத ஒரு நாள்.

இதை எழுதட்டா எண்டு மாமாவைக் கேட்டேன். "எழுது" எண்டார். இரண்டு நிமிசம் கழித்து இன்னொரு வொய்ஸ் மெசேஜ்: "பேரைப் போட்டிடாதை பிள்ளை."