வாசித்துக் காட்டாத கடிதம்

முத்தாண்டிக்குப்பத்தில் நம் தந்தையார் மர்ஹூம் அவர்கள் வைத்திருந்த மளிகைக் கடையின் திண்ணைக்கு அக்காலத்தில் இரண்டு பயன்கள் இருந்தன. முந்திரிக்கொட்டை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறுவது ஒன்று. கடிதம் வாசிக்கக் கேட்பது மற்றொன்று. பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், எழுபதுகளுக்குப் பிறகு குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் கடிதங்களை முந்தானையில் முடிந்துகொண்டு தாய்மார்கள் வருவார்கள். தந்தையார் கல்லாப் பெட்டியை மூடி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தலைப்பிலுள்ள தேதியில் தொடங்கிக் கடைசிக் கையொப்பம் வரை ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பார். துக்கச் செய்தியாயினும் குரலைத் தாழ்த்துவாரேயன்றி வரியைத் தாண்டமாட்டார். கேட்பவருக்கு எழுத்துத் தெரியாது என்பதனால் அவரிடமிருந்து ஒரு வரியை மறைத்தால் அதுவும் திருட்டுத்தான் என்பது அவர் கொள்கை.

அவருடைய மகனாகிய நாம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பண்டகசாலைப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்திறங்கும் ஒவ்வொரு பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் சலான் சரியா, சோதனைச் சான்றிதழில் உள்ள எண்ணும் பொருளில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதே நம் தொழில். ஓர் எண் மாறியிருந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு பார்த்த கண்கள் வீட்டுக்கு வந்த ஒரு கடிதத்தை எப்படிப் பார்த்தன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நெய்வேலிக்கு அயல்நாடு புதிதன்று. 1956இல் நிறுவனம் தொடங்கியபின் சுரங்கத்துக்கு ஜெர்மானிய இயந்திரங்கள் வந்தன. 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டு உதவியால் எழுந்தது. 2020இல் அது மூடப்பட்டது. நம் இளமையில் வெள்ளைத் தோலினர் பண்ருட்டிப் பலாச்சுளையைச் சுவைத்து வியந்ததைக் கண்டிருக்கிறோம். அன்று அவர்கள் வேலைக்காக இங்கே வந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் படிப்பென்றும் பிழைப்பென்றும் அவர்கள் திசை நோக்கிப் புறப்படுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் தமக்கையார் கைம்பெண். மச்சான் விட்டுச் சென்றது ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் இம்மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது அத்தோப்பிலும் நிற்கும் மரம் ஒன்றில்லை. மச்சான் ஒட்டுக்கன்று வாங்கி நட்டார். மரங்கள் நன்கு காய்க்கத் தொடங்கிய பருவத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தத் தோப்பைத்தான் 2022இல் தமக்கையார் விற்றார்கள். மகன் பொறியியல் முடித்து, கொரோனாக் காலத்தில் வேலையின்றி இரண்டாண்டுகள் வீட்டில் இருந்தான். கனடாவில் ஈராண்டுப் படிப்பு, படிப்பு முடிந்ததும் வேலை என்று நண்பர்கள் சொன்ன பேச்சு அவனைப் பிடித்துக்கொண்டது.

ஆலோசகர் ஒருவரின் பெயர் ஜுமுஆ தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் நம் காதில் விழுந்தது. "நம்ம ஆள்தான்" என்றார் சொன்னவர். அந்த ஒரு சொல்லுக்கு நாம் கொடுத்த விலை பின்னால் வரும். அலுவலகம் ஒரு நகரத்தின் கடைவீதியில், குளிரூட்டிய அறை. ஸலாம் சொல்லி எழுந்து நின்று வரவேற்றார். நம் மருமகன் நம்மை "மாமா" என்றழைப்பதைக் கேட்டு, ஐந்து நிமிடத்தில் அவரும் "மாமா" என்றே அழைக்கலானார். "சேவைக் கட்டணமே வாங்குவதில்லை மாமா, நம்ம பிள்ளைகள் முன்னேறினால் போதும்" என்றார். அதைப் பெருந்தன்மை என்று எண்ணினோம். மாணவரைச் சேர்த்துக் கொடுக்கும் ஆலோசகருக்கு முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கல்லூரிகளே தருவது அத்தொழிலின் வழக்கம் என்பது அப்போது நமக்குத் தெரியாது. நேர்மையான ஆலோசகரும் அப்படித்தான் பிழைக்கிறார். ஆகவே இலவசம் என்ற சொல்லில் புண்ணியமும் இல்லை, குற்றமும் இல்லை.

பத்து நாளில் சேர்க்கைக் கடிதம் வந்தது. தடித்த காகிதம், வண்ண முத்திரை, கல்லூரி முதல்வரின் கையொப்பம். தமக்கையார் அதை இரு கைகளிலும் வாங்கி, பிறகு நம்மிடம் நீட்டினார்கள். "என்ன எழுதியிருக்கு, தம்பி? படிச்சுச் சொல்லு" என்றார்கள். நாம் முதல் வரியையும் கட்டணத் தொகையையும் பார்த்துவிட்டு, "இடம் கிடைச்சிருச்சு அக்கா" என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டோம். அவ்வளவுதான் நாம் வாசித்தது.

முழுவதும் வாசித்திருந்தால் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி கண்ணில் பட்டிருக்கும். அது கல்லூரியின் பெயரிலுள்ள முகவரியன்று. யாரும் இலவசமாகத் தொடங்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அப்படியொரு முகவரியோடு வந்திருந்தால் பண்டகசாலையில் ஒரு போல்ட்டைக்கூட நாம் உள்ளே விட்டிருக்கமாட்டோம்.

அடுத்தது பணம். கல்லூரிக் கட்டணம் ஏழரை லட்சத்தைத் தம் கணக்கில் செலுத்தச் சொன்னார். பல பேர் பணத்தை ஒன்றாக அனுப்பினால் நாணய மாற்றில் மிச்சமாம். அக்காலத்தில் இந்திய மாணவருக்குக் கனடா ஒரு விரைவு வழி வைத்திருந்தது. 2018இல் தொடங்கி 2024 நவம்பரில் நிறுத்தப்பட்ட அந்த வழியில், 10,000 கனடா டாலரை மாணவன் தன் பெயரிலேயே அந்நாட்டு வங்கியில் முன்கூட்டிக் கட்டவேண்டும்; அங்கே போனபின் வாழ்க்கைச் செலவுக்கு அத்தொகை தவணையாக அவனுக்கே திரும்பி வரும். அதைக் கேட்டபோது, "அது வீண் அலைச்சல் மாமா, சாதாரண வழியில் போவோம். கணக்கில் பணம் இருப்பதாகக் காட்டினால் போதும்" என்று தட்டிவிட்டார். காரணம் இப்போது விளங்குகிறது. வங்கிக்கு நேரே போகும் பணம் அவர் கைவழியாகப் போகாது.

இனிச் சொல்வதுதான் நமக்குக் கடினமானது. காட்டுவதற்குப் பணம் ஏது? அவரே ஒருவரைக் காட்டினார். இருபது லட்சம் நம் கணக்கில் போடப்படும், மூன்று மாதம் இருக்கும், வட்டியை மட்டும் நாம் கட்டவேண்டும். தமக்கை மகனின் படிப்புச் செலவை நாமே ஏற்கிறோம், இப்பணம் நம் சேமிப்பு என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி. வாழ்நாளில் வட்டிக்குக் கை நீட்டாதவன், பொய்ச் சான்றிதழைத் திருப்பி அனுப்புவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன், அதில் கையெழுத்துப் போட்டோம். "எல்லாரும் செய்கிறதுதான்" என்றார் அவர். நம் மனமும் அதையேதான் சொல்லிக்கொண்டது.

விண்ணப்பத்தில் மருமகன் ஒப்பமிட்டான். மின்னஞ்சல் கணக்கை ஆலோசகரே தொடங்கினார். கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. கனடா நாட்டு விதிப்படி, பணம் பெற்றுக்கொண்டு பிறருக்காகக் குடிவரவு விண்ணப்பத்தில் ஈடுபடுபவர் அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞராகவோ ஆலோசகராகவோ இருக்கவேண்டும். பிரதிநிதி யார் என்று தனிப் படிவத்தில் குறிக்கவேண்டும். நம் கோப்பில் அந்தப் படிவமே இல்லை. பையன் தானே எழுதித் தானே அனுப்பியதாகவே விண்ணப்பம் போயிருக்கிறது. பாவம் முழுவதும் ஒப்பமிட்டவன் தலையில். எழுதியவர் எங்கும் இல்லை.

2023 மே மாதம் மறுப்பு வந்தது. மறுப்பு மட்டுமன்று. உண்மைக்கு மாறான ஆவணம் தந்ததால் அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுத் தடை. விளக்கம் கேட்டு மார்ச் மாதமே ஒரு கடிதம் வந்திருந்ததாம். அந்த மின்னஞ்சலை நாம் திறந்ததுமில்லை, திறக்க வழியுமில்லை. "கவலைப்படாதீர்கள், வேறு நாட்டுக்குப் போடுவோம்" என்றார் ஆலோசகர். கடிதம் போலியென்று அப்போதும் நாம் நம்பவில்லை. எங்கோ எழுத்துப் பிழை நேர்ந்திருக்கும் என்றே எண்ணினோம்.

அந்த ஜூன் மாதம்தான் பஞ்சாப் மாணவர்களின் செய்தி பத்திரிகைகளில் நம் கண்ணில் பட்டது. ஜலந்தரில் ஆலோசனை நிலையம் நடத்திய பிரிஜேஷ் மிஸ்ரா என்பவர் போலிச் சேர்க்கைக் கடிதங்களால் மாணவர்களைக் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே இறங்கியதும், அந்தக் கல்லூரியில் இடமில்லை, வேறொன்றில் சேருங்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களும் சேர்ந்து படித்து முடித்து வேலையும் பார்த்தார்கள். நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் முதல் கடிதமே போலி என்பது தெரிந்து வெளியேற்ற ஆணை வந்தது. எழுநூறு மாணவர் என்று பத்திரிகைகள் எழுதின; உண்மை எண்ணிக்கை அதைவிடக் குறைவு என்று நம் வெளியுறவு அமைச்சகம் பின்னர்க் கூறியது. மாணவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை. மிஸிஸாகா நகரில் எல்லைக் காவல் அலுவலகத்தின் முன் கூடாரமடித்து உட்கார்ந்தார்கள். ஜூன் 14 அன்று குடிவரவு அமைச்சர் ஷான் ஃப்ரேசர், மெய்யாகப் படிக்க வந்தவர்கள் வெளியேற்றப்படமாட்டார்கள் என்று அறிவித்தார். அக்டோபர் வரை ஆராயப்பட்ட 103 கோப்புகளில் 63 பேர் மெய்யான மாணவர்கள் என்று முடிவாயிற்று. ஏனைய 40 பேருக்கு அம்முடிவு கிட்டவில்லை. அவ்வாண்டு டிசம்பர் முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியே உறுதிசெய்ய வேண்டும் என்று கனடா விதி செய்தது. மிஸ்ரா வான்கூவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2024 மே மாதம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

அச்செய்தியைப் படித்த இரவே மருமகனை உட்காரவைத்து, கடிதத்திலுள்ள முகவரியை விட்டுவிட்டு, கல்லூரியின் சொந்த இணையதளத்தில் கண்ட முகவரிக்கு எழுதினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. நான்கே வரி. இந்த எண்ணில் மாணவர் எவரும் இல்லை. இக்கடிதம் எங்களால் வழங்கப்பட்டதன்று. ஓராண்டுக்கு முன் அந்த நான்கு வரிக்கு ஆகியிருக்கும் செலவு ஒன்றுமில்லை.

பணத்தைக் கேட்கப் போனபோது ஆலோசகர் எழுந்து நிற்கவில்லை. "மாமா" என்ற சொல்லும் போய்விட்டது. மேசை இழுப்பறையிலிருந்து நம் உறுதிமொழியின் நகலை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அந்தக் காகிதத்தை அவர் எதற்காக எழுதி வாங்கினார் என்பது அன்றுதான் புரிந்தது. தூதரகத்துக்குப் பாதி, நம் வாயை அடைக்கப் பாதி.

ஊர் திரும்பிய நாம் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. பெரியவர்கள் சிலர், பிள்ளையின் பெயர் கெடும், விட்டுவிடுங்கள் என்றார்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்புவதாகப் பம்பாய் ஏஜென்டுகள் பணம் பறித்த நாளிலும் நம்மவர் இப்படித்தான் மௌனம் காத்தார்கள். அந்த ஏமாற்றுக்கு ஈடாக 1983இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் பதிவு செய்தாக வேண்டும் என்றது. படிக்க அனுப்புகிறவரை அச்சட்டம் தொடவில்லை. பஞ்சாப் மாநிலம் 2012இல் தனியே சட்டமியற்றி இத்தகைய ஆலோசகர்களையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் ஜலந்தரில் நடந்தது நடந்தது.

மௌனத்தைக் கலைத்தவர் நம் தமக்கையார். ஒரு நாள் அஸருக்குப் பின் வந்து உட்கார்ந்து, "அந்தக் காயிதத்தை இப்பவாவது படி தம்பி, முழுசா" என்றார்கள். வாசித்தோம். சேர்க்கைக் கடிதத்தை வாசித்தோம், மறுப்புக் கடிதத்தை வாசித்தோம். கோப்பின் அடியில் நம் உறுதிமொழி இருந்தது. அதையும் வாசிக்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொல்லி முடித்ததும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "போலீஸ்ல சொல்லும்போது நீ போட்ட கையெழுத்தையும் சேர்த்தே சொல்லிரு. மறைச்சா அவன் ஜெயிச்சிருவான்" என்றார்கள். எழுத்தறியாத பெண்மணி. நம் தந்தையாரின் மகள் அவர்கள்தாம் என்று அன்று தோன்றியது.

கடலூரில் புகார் கொடுத்தோம். நம் கையெழுத்தைப் பற்றிய விவரத்தை முதல் பத்தியிலேயே எழுதினோம். அப்போது அது இந்தியத் தண்டனைச் சட்டம் 420. 2024 ஜூலைக்குப் பிறகு அக்குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவாகிவிட்டது, ஊரார் நாவில் மட்டும் எண் மாறவில்லை. விசாரணையில் நம்மைக் குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டார்கள், கேட்கவேண்டியதைத்தான் கேட்டார்கள். நம்மைப் போல் இன்னும் ஆறு குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆறு வீட்டாரும் அதுவரை வாய் மூடி இருந்தவர்கள். ஆறு வீட்டிலும் ஏதோ ஓர் உறுதிமொழி இருந்தது. இதுவரை மூன்று லட்சம் திரும்பியிருக்கிறது. வழக்கு நடக்கிறது. வட்டிக்கென்று கட்டிய தொகையை நாம் புகாரில் சேர்க்கவில்லை. அது நாம் அறிந்தே கொடுத்தது. மருமகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். தடை 2028 வரை. தோப்பை வாங்கியவர் மரங்களை நன்றாகவே பராமரிக்கிறார்; தமக்கையார் அந்தப் பாதையில் போவதில்லை.

சென்ற மாதம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். ஜார்ஜியா நாட்டில் மருத்துவப் படிப்பு. கையில் சேர்க்கைக் கடிதம். கடைசி ஓராண்டுப் பயிற்சியைத் தமிழ்நாட்டிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தது. நாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியில் தொடங்கிக் கையொப்பம் வரை வாசித்தோம். அந்த வாக்குறுதி கடிதத்தில் எங்கும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதியையும் எடுத்து வாசித்தோம். குறைந்தது 54 மாதப் படிப்பு, பயிற்றுமொழி ஆங்கிலம், படித்த நாட்டிலேயே 12 மாதப் பயிற்சி என்று அது சொல்கிறது. அந்தப் பெண் மூன்று முறை அதைத் தானே வாசித்தாள்.

பிறகு மூவருமாக உட்கார்ந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினோம். எழுதியவள் அவள், மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவளுடையவை. பதில் வரும்வரை முன்பணம் கட்டவேண்டாம் என்றோம். ஆலோசகர் ஒரு வாரந்தான் கெடு கொடுத்திருக்கிறார் என்று தகப்பனார் தயங்கினார். நேற்று அந்தக் கெடு முடிந்தது. பதில் இன்னும் வரவில்லை. அவர் பணம் கட்டவில்லை.