புள்ளிக்கு நாலணா

கிரெடிட் கார்டு கம்பெனி நமக்குக் கடன் கொடுக்கும், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தக் கம்பெனியே நமக்குக் கடன்பட்டிருக்கு என்று சொன்னால் நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும். அந்தக் கடனுக்குப் பெயர்தான் ரிவார்ட் பாயிண்ட்.

பி.காம் படிக்கிற பிள்ளை என்பதால் கணக்குப் புத்தகத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன். (வகுப்புத் தோழர்கள் கொட்டாவி விட வேண்டாம், ஒரே ஒரு பத்திதான்.) 2018 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடப்பில் இருக்கும் இந்த் ஏஎஸ் 115 என்ன சொல்கிறது? பாயிண்ட் கொடுத்து வியாபாரம் செய்தால், வந்த காசு முழுவதையும் அன்றைக்கே வருமானம் என்று எழுதக் கூடாது. பாயிண்ட்டுக்கு உரிய பங்கைத் தனியாகப் பொறுப்புப் பக்கம் வைக்கணும். வாடிக்கையாளர் அதை ரிடீம் செய்யும்போதோ, அது காலாவதி ஆகும்போதோதான் வருமானப் பக்கம் வரலாம். வங்கிகளுக்கு மட்டும் இந்த விதிகளை ரிசர்வ் வங்கி 2019-ல் தள்ளி வைத்துவிட்டது. ஆனாலும் அவர்களும் சும்மா இருப்பதில்லை. எத்தனை பேர் கடைசிவரை பாயிண்ட்டை மாற்றுவார்கள் என்று ஆக்சுவரி வைத்துக் கணக்குப் போட்டு, அதற்கு ஒதுக்கீடு செய்கிறார்கள். யாரும் தொடாமல் செத்துப்போகும் பாயிண்ட்டுக்கு பிரேக்கேஜ் என்று பெயர். அது கம்பெனிக்கு லாபம்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாம் மறந்தால் லாபம் என்றால், "உங்கள் பாயிண்ட் காத்திருக்கிறது, உடனே ரிடீம் செய்யுங்கள்" என்று வாரத்துக்கு ரெண்டு எஸ்எம்எஸ் ஏன் வருகிறது? அவ்வளவு நல்லவங்களா அவங்க?

நல்லவங்களும் இல்லை, கெட்டவங்களும் இல்லை. வியாபாரிகள். மறந்துபோனவன் கார்டையும் மறந்துவிடுவான். ஒரு தடவை எதையாவது வாங்கி ருசி கண்டவன் மறுபடி தேய்ப்பான். 2006-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக நூனஸ், ட்ரெஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் கடையில் 300 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு முத்திரை குத்தினால் ஒரு கழுவல் இலவசம் என்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்து முத்திரை, ஆனால் அதில் இரண்டு ஏற்கெனவே குத்தியிருக்கும். ரெண்டு பக்கமும் வாங்க வேண்டியது எட்டுதான்! முதல் கோஷ்டியில் முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதில் 34. கார்டு வாங்கியதுமே "வரவேற்பு பாயிண்ட்" ஏன் கொடுக்கிறார்கள் என்று இப்போது புரியுதா?

ரிடீம் செய்யச் சொல்வதிலும் ஒரு திசை இருக்கு. எச்டிஎஃப்சியின் இன்ஃபினியா கார்டை எடுத்துக்குங்க (நமக்கெல்லாம் கிடைக்காது, பார்த்துக்கொள்ளலாம்). அவர்களுடைய தளத்தில் விமானம், ஓட்டல் பதிவு செய்தால் ஒரு பாயிண்ட்டுக்கு ஒரு ரூபாய். பொருளாகவோ வவுச்சராகவோ வாங்கினால் பொதுவாக 50 காசு. பில்லில் கழித்துக்கொண்டால் 30 காசு. ஒரே பாயிண்ட், மூன்று விலை. அந்த ஒரு ரூபாய் விலையிலும் 2023-ல் ஒரு கொக்கி போட்டார்கள். டிக்கெட் விலையில் 70 சதவீதம்தான் பாயிண்ட்டில் கட்டலாம், மீதி நம் கைக்காசு. இலவசமாகப் போகிறோம் என்று கிளம்புகிறவன் புதுசாகச் செலவு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறணும். பாயிண்ட் குறைவாக விலை போகும் இடத்தில் கம்பெனிக்கு மிச்சம், அதிகமாக விலை போகும் இடத்தில் நமக்குப் புதுச் செலவு.

எங்க தெருவுக்கு முன்னெல்லாம் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர் வருவார். ஆறு புடவைக்கு ஒரு சின்ன டபராவை நீட்டுவார். அம்மா விடமாட்டாள். அரை மணி நேரம் பேசி, டபராவைத் தூக்குவாளியாக்கித்தான் அனுப்புவாள். ரிவார்ட் கேட்டலாகும் அதே வியாபாரம்தான். நம் புடவை என்ன விலை என்று அவர்தான் சொல்வார். ஒரே வித்தியாசம், இங்கே பேரம் பேச ஆள் இல்லை.

இனி எங்க வீட்டுக் கணக்கு. அண்ணன் சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கிறான். கம்பெனி கேன்டீன் வாசலில் ஸ்டால் போட்டவர்களிடம் வாங்கிய கார்டு. எந்த வங்கி என்பதை விட்டுவிடுவோம். 150 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஓட்டலிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் பத்து பாயிண்ட். ரெண்டு வருஷத்தில் 2,85,000 ரூபாய் தேய்த்து 6,400 பாயிண்ட் சேர்த்திருந்தான். நாலு பாயிண்ட் ஒரு ரூபாய், அதாவது பாயிண்ட்டுக்கு நாலணா. (ரிசர்வ் வங்கி 2011-லேயே நாலணாவைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. கார்டு கம்பெனிகளில் இன்னும் உயிரோடு இருக்கு.) 6,400 பாயிண்ட் என்று கேட்கும்போது பெரிசாக இருக்கு. 1,600 ரூபாய் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மாதக் கடைசியில் 1,500 பாயிண்ட் காலாவதி ஆகும் என்று எஸ்எம்எஸ் வந்ததும் அண்ணனுக்குப் பதற்றம். கேட்டலாகில் ஒரு டிராலி பை பார்த்து வைத்தான். 6,000 பாயிண்ட், மேலே 900 ரூபாய். "வெறும் தொள்ளாயிரத்துக்கு டிராலிடி!" என்றான். 6,000 பாயிண்ட் என்பது 1,500 ரூபாய், ஆக பை 2,400. அதே பை ஆன்லைனில் 1,850-க்குக் கிடைத்தது. காட்டினேன், முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் என் வயிற்றைக் கலக்கியது பை இல்லை. ஸ்டேட்மென்ட்டைக் காட்டச் சொன்னேன். நாலு மாசமாகக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி, 40,000 ரூபாய் சுற்றிக்கொண்டிருந்தது. மாதம் 3.5 சதவீதம் வட்டி, அதாவது 1,400. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 252. மொத்தம் 1,652 ரூபாய், ஒரு மாதத்துக்கு! ரெண்டு வருஷம் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த பரிசு ஒரு மாத வட்டிக்குப் பத்தவில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால் அந்தப் பக்கமும் தஞ்சம் கிடையாது. பாயிண்ட் காலாவதி ஆவதைச் சொல்ல இத்தனை எஸ்எம்எஸ். "உன் வட்டி உன் பரிசைத் தின்றுவிட்டது" என்று ஒன்றுகூட வரவில்லை.

இந்த "காலாவதி" பாஷை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைத் திருடர்களும் பார்த்துவிட்டார்கள். போன மாதம் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏண்டி, எனக்கும் பாயிண்ட் வந்திருக்காம், இன்னிக்கே எடுக்கணுமாம்." அம்மாவிடம் கிரெடிட் கார்டே கிடையாது. ஒரு வங்கியின் சின்னத்தைப் போட்டு, கூடவே ஒரு ஏபிகே கோப்பு. அதை நிறுவினால் போனில் வரும் ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போய்விடும். எஸ்பிஐ ரிவார்ட் பெயரில் இப்படிச் சுற்றிய செய்தி பொய் என்று பிஐபி 2024-லேயே எச்சரித்திருந்தது. யாராவது மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் பண்ணுங்க. நாவலூரில் எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இதை நான் போட்டதும், மூணு பேர் "எனக்கும் வந்துச்சு" என்றார்கள்.

அண்ணன் தன் ஆர்.டி.யை முன்கூட்டியே உடைத்து 40,000-ஐ அடைத்தான். முகம் தூக்கிக்கொண்டுதான் செய்தான், ஆனால் செய்தான். 6,400 பாயிண்ட்டையும் பில்லிலேயே கழிக்கச் சொன்னோம். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் 1,600 வரவு, அதற்குக் கீழேயே 116.82 பற்று. ரிடீம் கட்டணம் 99 ரூபாய், எஸ்பிஐ கார்டு, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ என்று பலரும் பல கார்டுகளில் வாங்குகிறதுதான். அவங்க கடனை அவங்க திருப்பித் தர நாம் கூலி கொடுக்கிறோம். அண்ணன் ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, 99 புரியுது. அந்த 17 ரூபா 82 காசு எதுக்கு?" என்றான்.

ஜிஎஸ்டி அண்ணா.