ஞாயிறு நோட்டில் ஓர் ஆவுளியா!

சிங்கப்பூரின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது சாங்கி பாயின்ட் படகுத்துறை. இங்கே படகுக்கு நேரம் கிடையாது, தலைக்கணக்குதான். 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி. டாலரை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வரிசையில் நின்றால், "மாப்ளே, இன்னும் எத்தனை பேருடா வேணும்?" என்று அசல் அறந்தாங்கிப் பேச்சு காதில் விழும். ஆறு பேர். எல்லோரும் கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஒரே டார்மெட்ரியில் தங்கியிருப்பவர்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்து ஊர்க்காரர்கள். வாரத்தில் ஆறு நாள் வெயிலில் கம்பி கட்டிவிட்டு, ஏழாவது நாள் தூங்காமல் காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள்.

அவர்களில் ஒருவர் மணமேல்குடி பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. வயது 34. "என் பேரு வேண்டாம். பேரு வந்தா அப்பா யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும். அவருக்கு அதெல்லாம் கூச்சம்" என்கிறார்.

இது அவருடைய கதை. பாதிக்கு மேல் அவர் அப்பாவின் கதை.

நோட்டுக்கு ஒரு சட்டம்

படகு பத்து, பதினைந்து நிமிடத்தில் கொண்டுபோய் விடும் இடம் புலாவ் உபின். சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. ஒரு காலத்தில் இங்கே கருங்கல் உடைத்தார்கள். குவாரிக் குழிகளெல்லாம் இப்போது நீர் நிறைந்த ஏரிகள். சுற்றிலும் காடு. தகரக் கூரை வீடுகள், சைக்கிள் வாடகைக் கடைகள், ஒன்றிரண்டு சாப்பாட்டுக் கடைகள். அடுக்குமாடி என்று ஒன்றுகூடக் கண்ணில் படாது. எதிரே தெரியும் கரை மலேசியா. அதனால் பல இடங்களில் போன் மலேசிய சிக்னலைப் பிடித்துக்கொண்டு, "மலேசியாவுக்கு வரவேற்கிறோம்" என்று மெசேஜ் அனுப்பும்.

முதல் தடவை அழைத்து வந்தது, குழுவில் மூத்தவரான அறந்தாங்கி அண்ணன். சிங்கப்பூரில் அவருக்கு 20 வருடப் பழக்கம். "தேக்காவுக்குப் போனா காசு கரையும், ரூம்லயே கிடந்தா மனசு கரையும். வாங்கடா, நடந்துட்டு வருவோம்" என்றாராம். அப்படித்தான் தொடங்கியது ஞாயிறு நடை.

மூன்றாவது வாரம் அண்ணன் ஒரு 40 பக்க நோட்டு வாங்கி வந்தார். பார்த்ததை எழுதுவதற்கு. அதற்கு ஒரே ஒரு சட்டம். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். சத்தம் கேட்டது, கால்தடம் பார்த்தது, பக்கத்தில் நின்றவர் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது காட்டுப்பன்றி. குட்டிகளோடு பாதையைக் கடந்தது. ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து குரங்கு, உடும்பு, காட்டுக்கோழி, நீர்நாய். ஐந்தாவது வாரம் தலைக்கு மேல் சடசடவென்று ஒரு சத்தம். பெரிய அலகு, அதன்மேல் கொம்பு மாதிரி ஒரு புடைப்பு. 'கொம்பு வைத்த காக்கா' என்று எழுதினார்கள். பிறகு கூகுளில் தேடி அதை அடித்துவிட்டு 'இருவாச்சி' என்று திருத்தினார்கள். சிங்கப்பூரில் நூறு வருடத்துக்கும் மேலாக இல்லாமல் போயிருந்த பறவை அது. 1994-ல் திரும்பவும் கண்ணில் பட்டது இந்த உபினில்தான்.

"ஊர்ல இருந்தப்ப பறவையை நின்னு பார்த்ததே இல்லைங்க. கொக்கு வந்தா அந்த இடத்துல மீன் இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். இங்க வந்து நடந்த பிறகுதான் சும்மா பார்க்கவே கத்துக்கிட்டேன்" என்கிறார்.

புல்லுக்குள் ஒரு கோடு

தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது செக் ஜாவா. படகுத்துறையிலிருந்து முக்கால் மணி நேர நடை. அலையாத்திக் காடும் மணல் திட்டும் கடற்புல் வெளியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம். கடலுக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். காட்டை மேலிருந்து பார்க்க ஒரு கோபுரமும் உண்டு.

தண்ணீர் நன்றாக வற்றும் நாளில் போனால்தான் அந்த இடம் முழுதாகத் தெரியும். அந்த நாளைச் சொல்வது மீனவர் மகனின் வேலை. மற்றவர்கள் போனில் ஓத அட்டவணையைத் தேட, இவர் அமாவாசை, பௌர்ணமியை வைத்து விரலில் எண்ணிச் சொல்லிவிடுவார்.

அப்படி ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிறு. பலகைப் பாதைக்குக் கீழே பச்சைப் பசேலென்று கடற்புல் வெளி. பைனாகுலரோடு நின்ற ஒரு சிங்கப்பூர் அம்மா, தன்னோடு வந்தவர்களுக்கு எதையோ சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்கள். புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில், வளைந்து வளைந்து ஒரு கோடு. யாரோ கட்டையை இழுத்துப்போன மாதிரி. அந்தக் கோட்டில் மட்டும் புல் இல்லை.

"டூகாங் மேய்ந்த தடம்" என்றார் அந்த அம்மா.

போனில் படத்தைத் தேடிப் பார்த்ததும் இவருக்குக் கை நடுங்கிவிட்டது. "அண்ணே, இது ஆவுளியா!"

கடல்பசுவுக்குப் பாக் விரிகுடா மீனவர்கள் வைத்த பெயர் ஆவுளியா. மூன்று மீட்டர் வரை நீளம், 400 கிலோ வரை எடை. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும். மீன் இல்லை, பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால், கடலில் பிறந்த அந்த உயிர் கடலிலேயே மூழ்கிச் செத்துப்போகும்.

இவருக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஒரு நாள் ராத்திரி வீட்டுப் பின்பக்கம் ஆள் நடமாட்டம். வலையில் செத்துக் கிடந்த ஆவுளியாவை வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கொன்றாலும் விற்றாலும் சிறை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இருட்டில். அம்மா மட்டும் அந்தக் கறியைச் சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "அதுக்கும் நம்மளாட்டம் மாரு இருக்குய்யா. குட்டியை அணைச்சுப் பால் குடுக்கிற சாதி" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் வந்ததில்லை.

நடந்து காப்பாற்றிய கரை

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். அவர்கள் நின்றுகொண்டிருந்த இடமே மண்ணுக்குள் போயிருக்க வேண்டியது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தில் செக் ஜாவாவும் இருந்தது. 2001-ல் வேலை தொடங்கவிருந்த நேரம். இயற்கை ஆர்வலர்கள் தண்ணீர் வற்றும் நாட்களில் பொதுமக்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்து காட்டினார்கள். என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். அரசுக்கு எழுதினார்கள். அந்த வருடக் கடைசியில் அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007-ல் பலகைப் பாதை திறக்கப்பட்டது.

"நாமளும் வாராவாரம் நடக்கத்தானே செய்யிறோம். நடந்தே ஒரு இடத்தைக் காப்பாத்தியிருக்காங்க பாருடா" என்றார் அறந்தாங்கி அண்ணன்.

அன்றைக்குத் திரும்பும் படகில் போனைத் துழாவியபோதுதான் இவருக்குத் தன் ஊர் பெயரே கண்ணில் பட்டது. இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகத்தை 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்திருந்தது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர். தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டை மாவட்டம் அம்மாபட்டினம் வரை. அப்பா தினமும் வலை விடும் கடல்!

அன்று இரவே வீட்டுக்கு போன். அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது, ஆனால் கோபம். "நாளைக்கே வந்து கடலுக்குப் போகாதேன்னு சொல்லுவானுக. மாட்டுக்கு இடம் ஒதுக்கிட்டு மனுசனைத் துரத்தவா?"

கரையில் பலருக்கும் இருந்த பயம்தான் அது. இந்த அறிவிப்பால் மீனவர்களுக்குப் புதிதாக எந்தத் தடையும் வராது என்று அரசு சொல்லியிருந்ததை இவர் படித்துக் காட்டினார். தன் பங்குக்கும் ஒன்று சொன்னார். "ஆவுளியா மேயுற தாழைக்குள்ளதானேப்பா நமக்கு நண்டும் இறாலும் குஞ்சு பொரிக்குது. அது அழிஞ்சா அப்புறம் நமக்கு என்ன இருக்கு?" கடற்புல்லை ஊரில் தாழை என்பார்கள்.

அப்பா "ம்" என்றதோடு சரி.

அடுத்த வற்றலுக்கு செக் ஜாவாவிலிருந்து வீடியோ காலில் அந்தத் தடத்தைக் காட்டினார். மலேசிய சிக்னலுக்கும் சிங்கப்பூர் சிக்னலுக்கும் இடையில் படம் நின்று நின்று வந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார். "நம்ம பக்கமும் இப்படிக் கோடு கெடக்கும்டா. நாங்க திருக்கை இழுத்த தடம்னு நெனச்சுக்குவோம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கத்தியா, போனா?

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு. சாங்கியில் மணி எட்டரை. படகுக்கு இன்னும் மூன்று தலை குறைவு. ஊரில் அப்போது காலை ஆறு. அப்பாவிடமிருந்து போன். அந்த நேரத்தில் அவர் அழைப்பதே இல்லை. இவருக்கு வயிறு கலங்கியது.

"ஒண்ணுமில்லடா. வலை போச்சு."

விடியும் முன் அப்பாவும் சித்தப்பாவும் திருக்கை வலையை இழுக்கப் போயிருக்கிறார்கள். இழுக்க முடியாத பாரம். இருட்டில் 'புஸ்' என்று ஒரு மூச்சு. டார்ச் அடித்தால், ஆவுளியா. வாலில் வலை சுற்றியிருக்கிறது. மூக்கை மட்டும் எப்படியோ தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு திணறுகிறது. சித்தப்பா வலையைப் பார்த்தார். புது வலை, கடன் வாங்கிப் போட்டது. பிரித்து எடுக்க நேரமில்லை.

அப்பா கத்தியை எடுத்தார்.

"நாலு துண்டு போச்சு. இருபதாயிரத்துக்குக் குறையாது. சித்தப்பன் கரை வர்ற வரைக்கும் எங்கிட்டப் பேசவே இல்லை" என்றார் அப்பா.

வலையில் சிக்கிய கடல்பசுவை உயிரோடு விடும் மீனவர்களை வனத்துறை பாராட்டி வெகுமதி தருவது உண்டு. இவருக்கு அது ஞாபகம் வந்தது. "அப்பா, ஒரு போட்டோ எடுத்தியா? ஒரு நிமிஷ வீடியோ இருந்தாக்கூடப் போதுமே…"

"மூச்சு முட்டுதுடா அதுக்கு. நான் கத்தியைத் தேடவா, போனைத் தேடவா?"

படகுத்துறையில் நின்றபடி இவர் பதில் சொல்ல முடியாமல் தொண்டையைச் செருமினார். "வலைக்காசு நான் அனுப்புறேன்ப்பா."

"உங்கிட்டக் கேட்டேனா?" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மா இருந்திருந்தா இன்னிக்கு ஒரு வாய் கூடப் போட்டுருப்பா" என்றார்.

பணம் போய்ச் சேர்ந்தது. அதனால் தீபாவளிக்கு ஊருக்குப் போவது பொங்கலுக்குத் தள்ளிப்போனது. சித்தப்பா ஒரு வாரத்தில் பேசத் தொடங்கிவிட்டார். டீக்கடையில் கதையைச் சொல்வதே இப்போது அவர்தானாம். அவர் சொல்லும் கதையில் ஆவுளியாவின் நீளம் ஒவ்வொரு வாரமும் ஒரு அடி கூடுகிறதாம்!

அன்றைக்கு 12 தலை சேர்ந்து படகு கிளம்பியது. உபினில் இறங்கி, ஆலமர நிழலில் உட்கார்ந்ததும் அண்ணன் நோட்டைத் திறந்தார். இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, ஆவுளியாவை எழுதலாமா?"

குழுவில் சத்தம் எழுந்தது. கண்ணால் பார்த்ததை மட்டும்தானே எழுத வேண்டும்? ஒரு தம்பி போன வாரம் புனுகுப்பூனையின் கால்தடத்தைப் பார்த்துவிட்டு வந்து கெஞ்சியும் சேர்க்காத நோட்டு. "அப்ப என் பூனையையும் சேருங்க" என்று அவன் சண்டைக்கு வந்தான்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "பூனையை யாரும் பார்க்கலை. இதை ஒருத்தரு பார்த்திருக்காருல்ல?" என்றவர், பேனாவை இவரிடமே நீட்டினார்.

அந்த நோட்டில் உபினுக்கு வெளியே பார்த்ததாக இருப்பது ஒரே ஒரு வரி. தேதிக்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது:

'ஆவுளியா - 1. உயிரோட. இடம்: மணமேல்குடி கடல். பார்த்தவர்: அப்பா.'