சித்திரை வெயிலில் ஒரு குளிர்

சில வருடங்களுக்கு முன்னர் எனக்குக் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. சித்திரை மாதம். கொழும்பு வெக்கையில் அவிந்துகொண்டிருந்தது. மெல்லிய பருத்தி அங்கியோடு குளிரூட்டிய அறையில் காத்திருந்தபோது தாதியொருவர், "குளிருதோ ஐயா?" என்று கேட்டார். "இல்லைப் பிள்ளை" என்றேன். அது பொய். அச்சுக்கூடத்து ஈய வெக்கையில் இரவிரவாக நின்றவன், குளிருக்குத் தோற்பதா என்ற வீம்பு.

மயக்கம் தெளிந்தபோது முதலில் உணர்ந்தது வலியையல்ல, நடுக்கத்தையே. பற்கள் மோதின, கட்டில் அதிர்ந்தது. அடக்க முயன்றேன், உடல் என் சொற்கேட்கவில்லை. முடிவு வந்துவிட்டதென்றே எண்ணினேன். அதே தாதி வெப்பக்காற்று ஊதும் போர்வையைப் போர்த்தினார். பெதிடின் ஊசி ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

மறுநாள் மயக்கமருந்து வைத்திய நிபுணரைக் கண்டதும் பத்திரிகைக்காரப் புத்தி விடவில்லை, கேள்விகளை அடுக்கினேன்.

உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். கைகால்கள் அதைவிடக் குளிர்ந்தவை. குருதிக்குழாய்களைச் சுருக்கி அந்த வேறுபாட்டைக் காப்பது மூளையிலுள்ள ஐப்போதலமசு. மயக்கமருந்து அந்தக் காவலாளியை உறங்கவைக்கிறது. குழாய்கள் விரிகின்றன, உள்ளிருந்த சூடு கைகால்களுக்குப் பாய்கிறது. முதல் மணித்தியாலத்திலேயே உள்வெப்பம் 1 முதல் 1.5 பாகை வரை இறங்கக்கூடும். அறையின் குளிர் அதற்குத் துணைபோகிறது. மருந்தின் பிடி தளர்ந்ததும் காவலாளி விழித்து, இழந்த சூட்டை மீட்கத் தசைகளை நடுங்கச் சொல்கிறான்.

இது வெறும் அசௌகரியமன்று. நடுக்கம் ஒட்சிசன் தேவையைப் பெருக்குகிறது. பலவீனமான இதயத்துக்கு அது பாரம். குளிர்ந்த உடலில் குருதி உறைவதும் தாமதமாகும். பெருங்குடல் சத்திரசிகிச்சைக்குள்ளான 200 பேரை ஆராய்ந்து 1996இல் வெளியான கட்டுரையொன்று, சூடாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கும் குளிர விடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கும் காயத்தில் தொற்று ஏற்பட்டதைக் காட்டியது.

"முன்கூட்டியே அரை மணித்தியாலம் போர்த்திக் கைகால்களைச் சூடாக்கினால் இந்த இறக்கம் குறையும். அதற்காகத்தான் குளிருதோ என்று கேட்கிறோம்" என்றார் நிபுணர்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் உண்மையான பதிலை எதிர்பார்த்தவன், எனக்காகக் கேட்கப்பட்ட எளிய கேள்வியொன்றுக்குப் பொய் சொல்லியிருந்தேன்.

அன்பர்களே, உங்களிடமும் ஒருநாள் அப்படிக் கேட்பார்கள். குளிர்ந்தால், குளிர்கிறது என்று சொல்லுங்கள்.