மேலே வராத கண்ணாடி

கல்லடிப் பாலத்தில் வாவிக்காற்று வாங்கலாமென்று கண்ணாடியை இறக்கினால், தொண்ணூறுகளின் ஜப்பான் கார்கள் சிலவற்றில் அது திரும்ப மேலே வருவதேயில்லை. சுவிட்சை அழுத்தினால் கதவுக்குள் ‘கிர்ர்’ என்ற சத்தம் மட்டும்.

மோட்டர் சுழல்கிறது, பல் பிடிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் பவர் ஷட்டர் மோட்டரின் திருகுத்தண்டு இரும்பு, அதைக் கடித்துச் சுழலும் சக்கரமோ பெரும்பாலும் நைலோன். கழற்றினால், பழுப்பேறிய சக்கரத்தில் சில பற்கள் மழுங்கி, துகள்கள் பழைய கிறீஸோடு குழைந்து கிடக்கும். எண்பதுகளின் ஃபோர்ட் மோட்டர்கள் சிலவற்றில் சக்கரத்துக்குள் இருக்கும் மூன்று பிளாஸ்டிக் துண்டுகளும் இப்படித்தான் நொறுங்கின.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழைய கார்தான் கதி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய மோட்டர் கிடைக்கும். அதன் சக்கரத்துக்கும் அதே வயசு!

உண்மையான குற்றவாளி பலநேரம் கண்ணாடி ஓடும் ரப்பர். தூசியேறி இறுகினால் பாரமெல்லாம் பல்லில் விழும். அதைத் துடைத்து சிலிக்கன் அடிக்காமல் புதுச்சக்கரம் போடுவது வீண்செலவு.

கண்ணாடியைத் தூக்கும் பொறி கத்தரிக்கோல் போல மடியும் ரகமென்றால், மோட்டரைக் கழற்றுமுன் சுருள்வில் இழுக்கும் கையை இறுகப் பூட்டிவிடுங்கள். விரல் கவனம்.