தண்ணி லாரியும் ஒரு ஹெட்போனும்

போன மாசம் பூரா நான் யோசிச்ச ஒரே விஷயம் ஹெட்போன். "ஒரு ஹெட்போன் வாங்கறதுக்கா இவ்ளோ அலப்பறை?"ன்னு கேக்கப்படாது. எங்க வீட்டு நிலைமை அப்படி மக்களே.

வீடுன்னா ஒரே ரூம், ஓரமா சமையல் மேடை. அப்பாவுக்கு ஒரு அபார்ட்மெண்ட்ல நைட் செக்யூரிட்டி வேலை. காலைல எட்டு மணிக்கு வந்து படுத்தார்னா மதியம் ஒரு மணி வரைக்கும் தூக்கம். எனக்கு செகண்ட் ஷிஃப்ட் பி.காம். ஆக, காஸ்டிங் வீடியோ கிளாஸ் பார்க்க எனக்குக் கிடைக்கிறது அதே எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான். அவர் தூங்கணும், நான் படிக்கணும், ரெண்டு பேருக்கும் நடுவுல நாலடி இடைவெளி.

இது வரைக்கும் காதுக்குள்ள சொருகற இயர்போன் வெச்சுத்தான் ஓட்டினேன். அதுல ரெண்டு பிரச்னை. ஒண்ணு, ரப்பர் மூடி போட்டு காதை முழுசா அடைச்சுடும். ஒரு நாள் தண்ணி லாரி வந்து ஹாரன் அடிச்சு, தெருவே குடத்தோட ஓடி, லாரியும் போயிடுச்சு. நான் இங்க மார்ஜினல் காஸ்டிங்ல மூழ்கிக் கிடக்கேன். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்த அம்மா காலி டிரம்மைப் பார்த்தாங்க. அப்புறம் நடந்ததை எழுதினா சென்சார் பண்ணணும் :-)

ரெண்டாவது பிரச்னை காசு. ஒரு வருஷத்துல 120 ரூபா இயர்போன் ஆறு வாங்கியிருக்கேன். எல்லாமே ஜாக் பக்கத்துல வயர் விட்டுப் போய், ஒரு காது மட்டும் கேட்டு, அப்புறம் அதுவும் போய்... மொத்தம் 720 ரூபா. மாசத்துக்கு 60. படிக்கிற படிப்புக்கு மரியாதையா இதை முதல்ல கணக்குப் பண்ணியிருக்கணும்.

புளூடூத் வாங்கேன்டான்னு எல்லாரும் சொன்னாங்க. வீட்டுல இருக்கறது ரெண்டு பிளக் பாயிண்ட். ஃபேன் ஒண்ணு, அம்மா போன் ஒண்ணு. இன்னொரு பொருளுக்கு சார்ஜ் போட நான் தயாரா இல்ல. பேட்டரி வயசானா மாத்தறதும் கஷ்டம். 2016-ல ஐபோன் 7 வந்தப்ப ஆப்பிள்காரன் அந்த 3.5 மி.மீ. ஓட்டையை எடுத்தான், பின்னாலயே பல கம்பெனியும் எடுத்தாச்சு. நம்ம போன் ஏழைப் போன், ஓட்டை பத்திரமா இருக்கு.

காதை முழுசா மூடுற பெரிய ஹெட்போன்லயும் லாரி சத்தம் அமுங்கிடும், நம்ம வெயிலுக்கு வேர்த்தும் கொட்டும். அதனால காது மேல உட்கார்ற ரகம்தான்னு முடிவு பண்ணினேன். இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கோஸ் கம்பெனியோட போர்ட்டா ப்ரோன்னு ஒரு மாடல், 1984-ல வந்தது. இந்த ரகத்துல ரொம்பப் புகழ்பெற்றது. ஆனா அதுக்குப் பின்பக்கம் திறந்த அமைப்பு. காத்தோட்டமா, இயல்பா கேட்கும், ஆனா பாதி சத்தம் வெளியில வந்துடும். தனி ரூம் இருக்கறவனுக்கு அது. எனக்கு வேண்டியது பின்பக்கம் மூடினது.

அட்டைப் பெட்டில போட்டிருக்கற நம்பரைப் பத்தியும் சொல்லிடறேன். 20 - 20,000 ஹெர்ட்ஸ்னு எல்லாப் பெட்டிலயும் இருக்கும். மனுஷக் காது கேட்கற எல்லையே அதுதான், அதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. உருப்படியான நம்பர் ரெண்டு. ஓம் 16-ல இருந்து 32-க்குள்ள இருந்தா போனே தாங்கும். டெசிபல் கணக்குல சென்சிட்டிவிட்டி 3 கூடினா, அதே சத்தத்துக்கு பாதி பவர் போதும். டிரைவர் 40 மி.மீ., 30 மி.மீ.ன்னு கடைக்காரர் கதை விடுவார். பெருசா இருந்தா நல்லா இருக்கணும்னு சட்டம் இல்ல.

ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல்ல ஒண்ணை மாட்டி விட்டார், பேஸ் பின்னி எடுக்குது. பத்து செகண்டுல மயங்கிட்டேன். அப்புறம்தான் நான் கொண்டு போன காஸ்டிங் வீடியோவைப் போட்டேன். சார் தண்ணிக்குள்ள உட்கார்ந்து பேசற மாதிரி இருந்துச்சு! பேச்சுக் குரல் தெளிவா இருக்காங்கறதுதான் எனக்குப் பரீட்சை. நாலாவதா மாட்டினதுல குரல் பளிச். இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' (1986) போட்டேன், வயலின் எல்லாம் தனித்தனியா நின்னுச்சு. சும்மா ஆசைக்குத்தான்.

"தம்பி, 720 குடு. பில்லுன்னா 18 பர்சண்ட் ஜிஎஸ்டி சேரும்"னார். அதாவது 850. பெட்டில எம்.ஆர்.பி. 1,490. அந்த விலை எல்லா வரியும் சேர்த்த உச்ச விலை, அவ்வளவுதான். அதைக் காட்டி, தள்ளுபடி குடுத்த வள்ளல் மாதிரி பேசினார். நூத்தி முப்பது ரூபா மிச்சம் பண்ணலாம்னு மனசு ஆடுச்சு, பொய் சொல்லல. பில் இல்லைன்னா ஒரு வருஷ வாரண்டி கிடையாது. அதோட நாளைக்கு ஆடிட்டர் ஆகணும்னு சொல்லிட்டுத் திரியறவன் பில் இல்லாம வாங்கினா நல்லாவா இருக்கும்? பில்லோடவே வாங்கினேன். மாசம் 60 கணக்குல பார்த்தா பதினாலு மாசத்துக்கு மேல உழைச்சாத்தான் எனக்கு லாபம்.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்துலயே கண்ணாடிக் கம்பியும் காதும் சேர்ந்து நசுங்கி வலி எடுத்துடுச்சு. கடையில ரெண்டு நிமிஷம் மாட்டினா இது தெரியாது, கண்ணாடி போடறவங்க கொஞ்ச நேரம் மாட்டிக்கிட்டே நில்லுங்க, கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்ல. ராத்திரி ரெட்டி அண்ட் மூர்த்தி அக்கவுண்ட்ஸ் புத்தகத்துக்கு மாட்டி விட்டேன். என் தலையை விட கொஞ்சம் அகலம். மூணு ராத்திரில இளகிடுச்சு. அந்தப் புத்தகத்தால எனக்குக் கிடைச்ச உடனடிப் பலன் இதுதான்.

முக்கியமான பரீட்சை மறுநாள். அப்பா படுத்திருந்தார். வழக்கமான சத்தம் வெச்சேன். பத்து நிமிஷத்துல, கண்ணைத் தொறக்காமலே, "டேய், கொசு எங்கயோ கத்துதுடா"ன்னார். ரெண்டு புள்ளி குறைச்சேன். கொசு நின்னுடுச்சு. காதுக்கும் அதுதான் நல்லது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்டா 80 டெசிபலைத் தாண்டக் கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. நான் பஸ்ல இதை மாட்டறதே இல்ல. வெளிச்சத்தம் உள்ள வரும், அதை ஜெயிக்க சத்தத்தை ஏத்துவோம், அப்புறம் காது போகும்.

பழைய பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கைப் பிரிச்சு ஜாக் பக்கத்துல வயர்ல சுத்தியாச்சு. இதுவரைக்கும் ஒரு மாசம் ஓடியிருக்கு. தண்ணி லாரி நாலு தடவை வந்துச்சு, நாலு தடவையும் ஹாரன் கேட்டுச்சு. மூணாவது தடவை அப்பா எனக்கு முன்னாடி முழிச்சுக்கிட்டு குடத்தைத் தூக்கினார். அவருக்கு அந்த ஹாரன் எப்பவும் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு போல.

டிஸ்கி: மாடல் பேரு கேக்காதீங்க. உங்க தலை வேற, என் தலை வேற. கூடவே ஒரு கிளாஸ் வீடியோவை எடுத்துட்டுப் போங்க.